பேக்கிங் மாறினால் வண்டி மாறுமா?

மைசூரில் இருந்த ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1996இல் மூடப்பட்டது. அங்கே பிறந்த யெஸ்டி மோட்டார் சைக்கிள்கள் பல இன்றும் ஓடுகின்றன. ஆனால் அவற்றின் இன்ஜின் பாகங்களுக்கு இடையே வைக்க வேண்டிய பேக்கிங்கைக் கம்பெனியிடம் வாங்க வழியில்லை. மிஞ்சிக் கிடக்கும் பழைய சரக்கைத் தேடி அலையலாம், வேறு யாரோ செய்து விற்கும் செட்டை வாங்கலாம், இல்லையென்றால் பேக்கிங் ஷீட்டை வாங்கிக் கையாலேயே வெட்டிக்கொள்ளலாம். கையால் வெட்டத் தயங்குகிறவர்களின் மனத்தில் ஒரு கேள்வி உறுத்துகிறது: கம்பெனி கொடுத்ததை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு நாம் செய்ததை வைத்துக்கொண்டே போனால், கடைசியில் மிஞ்சுவது அதே வண்டிதானா? ஒரு பொருளை அந்தப் பொருளாக்குவது அதன் உறுப்புகள் ஒன்றோடொன்று கொண்டுள்ள உறவு. அந்த உறவை அளவு பிசகாமல் புதுப்பிக்கிறவரே பழையதைக் காப்பாற்றுகிறார் என்பது என் துணிபு.

கேள்வி மிகப் பழையது. பாலி மொழியில் உள்ள மிலிந்த பன்ஹாவில் பௌத்தத் துறவி நாகசேனர், தேர் என்பது அச்சா, சக்கரமா, நுகமா என்று மன்னன் மிலிந்தனிடம் ஒவ்வொன்றாகக் கேட்கிறார். தனியே எதுவும் தேர் இல்லை. அவை சேர்ந்திருப்பதைச் சார்ந்து வழங்கும் பெயரே தேர் என்ற இடத்துக்கு உரையாடல் வந்து சேர்கிறது. நியாய வைசேஷிகத் தத்துவவாதிகள் இதை ஒப்பவில்லை. உறுப்புகளுக்கு மேலாக முழுப்பொருள் ஒன்று மெய்யாகவே உண்டு என்றார்கள். ஆனால் ஓர் உறுப்பு நீங்கினால் பழைய முழுமை அழிந்து புதியது தோன்றும் என்பதை அவர்களும் ஏற்றார்கள். இரு தரப்பையும் கறாராகப் பின்பற்றினால், ஒரு நட்டைக் கழற்றிய கணத்திலேயே 'மாறாத பழைய வண்டி' இல்லாமல் போகிறது. ஆகவே ஒரிஜினல் பேக்கிங் போட்டால் வண்டியின் அடையாளம் அப்படியே நிற்கும் என்ற நம்பிக்கைக்கு இரண்டு பக்கமும் ஆதரவு கிடையாது. எந்தத் தொடர்ச்சி இருந்தால் 'அதே வண்டி' என்று நியாயமாகச் சொல்லலாம் என்பதே நாம் கேட்க வேண்டியது.

இதற்கு இன்ஜினே விடை தருகிறது. இரண்டு உலோக முகங்களை எவ்வளவு நேர்த்தியாகக் கடைந்தாலும் நடுவே நுண்ணிய மேடுபள்ளம் இருக்கும். பேக்கிங் நசுங்கி அதை நிரப்புகிறது; நசுங்குவதே வேலை என்பதால் தேய்ந்து தீர்வதும் அதன் இயல்பு. பழைய யெஸ்டி டூ ஸ்ட்ரோக் வண்டி. பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை முதலில் கிராங்க் கேஸுக்குள் போய், அங்கே அழுத்தப்பட்டு மேலே ஏறுகிறது. பிளாக்குக்கு அடியிலுள்ள பேக்கிங் ஒழுகினால் வெளிக்காற்று உள்ளே புகும். கலவையில் பெட்ரோலின் பங்கு குறைந்து, சூடு ஏறி, பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிச் சீஸ் ஆகிவிடக்கூடும். பேக்கிங் அளவுக்கு மேல் தடித்திருந்தால் பிளாக் உயர்ந்து, கலவையும் புகையும் செல்லும் போர்ட்டுகள் திறந்து மூடும் நேரமே மாறிவிடும். எனவே சரியான கனம், துளைகள் இருக்க வேண்டிய இடம், நசுங்கும் தன்மை ஆகிய மூன்றையும்தான் இன்ஜின் கேட்கிறது. பல ஆண்டுகள் உறைக்குள் கிடந்த ஒரிஜினல் காகிதப் பேக்கிங் காய்ந்து சுருங்கி இந்த மூன்றிலும் தோற்கக்கூடும். அந்தக் காலப் பேக்கிங்குகள் பலவற்றில் கல்நார் இருந்தது. பருப்பொருளுக்கு விசுவாசமாக இருப்பதுதான் அறம் என்றால், நுரையீரலைக் கெடுக்கும் அந்த நஞ்சையும் அல்லவா திரும்பக் கொண்டுவர வேண்டும்?

நம் கோயில்கள் இந்தச் சிக்கலைத் தெளிவாகவே தீர்த்திருக்கின்றன. மூலவருக்கும் பீடத்துக்கும் இடையிலுள்ள சந்தில் அஷ்டபந்தன மருந்து சாத்துகிறார்கள். கொம்பரக்கு, சுக்கான் தூள், குங்குலியம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் முதலிய எட்டுப் பொருள்களை இடித்து இளக்கிச் செய்வது அது. அது நிரந்தரம் என்று யாரும் எண்ணியதில்லை; பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக் குடமுழுக்கு நடத்துவது வழக்கம். மருந்து புதிது என்பதால் சாமி புதிது என்று எந்தப் பக்தரும் சொல்வதில்லை. கோயிலில் மந்திரமும் கிரியையும் உண்டு, பட்டறையில் ஏது என்று கேட்கலாம். வண்டிக்குத் தெய்வத்தன்மை உண்டு என்பது என் வாதமே இல்லை. எதைக் காக்க வேண்டும், எதைக் காலந்தோறும் மாற்ற வேண்டும் என்று பிரித்தறியும் விவேகத்தை மட்டுமே அங்கிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: உறவுதான் முக்கியம் என்றால் எதை வேண்டுமானாலும் மாற்றிவிட்டு அதே வண்டி என்று சொல்லிவிடலாமே? முடியாது. யெஸ்டி என்ற பெயரில் 2022இல் வந்த வண்டிகளில் இருப்பது திரவத்தால் குளிரும் ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின். பெயர் தொடர்கிறது, உறுப்புகளின் பழைய உறவு தொடரவில்லை. அவை நல்ல வண்டிகளாகவே இருக்கலாம். ஆனால் பழைய யெஸ்டி அல்ல. கையால் வெட்டிய பேக்கிங் போட்ட வண்டியிலோ பழைய இன்ஜின் பழைய முறையிலேயே மூச்சு விடுகிறது. அப்படியானால் கைவேலையை ஒரிஜினல் என்று சொல்லி விற்பது சரியா என்றால், அது பொய். பொய்யால் பொருளின் தன்மை கெடுவதில்லை, விற்பவரின் நேர்மைதான் கெடுகிறது. செய்ததைச் செய்தபடி சொல்லிவிட்டால் குறை தீர்ந்தது.

ஆகவே பேக்கிங் கிடைக்கவில்லை என்று பழைய வண்டியைக் காயலான் கடைக்கு அனுப்பாதீர்கள். கழற்றிய பேக்கிங் கிழிந்திருந்தாலும் தூக்கி எறியாமல் மாதிரியாக வைத்திருங்கள். அதன் கனத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கல்நார் இருக்குமோ என்ற ஐயம் இருந்தால் தூசி பறக்கச் சுரண்டாதீர்கள். கல்நார் கலக்காத நல்ல ஷீட்டில், ஒரு துளைகூட இடம் மாறாமல் வெட்டிப் பொருத்துங்கள். அந்த வண்டி பழைய வண்டியேதான்.