புலியைத் திருப்பும் ஆடு

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துப் பண்ணைப்புரம் போன்ற ஊர்களில், சாவடித் திண்ணையிலோ கோயில் மண்டபத்துக் கல்தரையிலோ கோடு கிழித்து ஆடப்பெறும் ஆடுபுலி ஆட்டத்தில், 23 புள்ளிகளின்மீது 3 புலிகளை 15 ஆடுகளால் மடக்க முனையும் ஒருவர், தம் ஆடொன்றைப் புலியின் வாய்க்கு நேரே வைப்பாராயின், அதனை அஜாக்கிரதை என்று எண்ணிவிடலாகாது. ஆட்டை வெட்டும் புலி அதனைத் தாண்டி, அதே கோட்டில் அப்பாலுள்ள காலிப் புள்ளியிலேயே இறங்க வேண்டுமாதலால், புலி போய்ச் சேரும் இடத்தை நிர்ணயிப்பது ஆடு நின்ற இடமே. ஆசைப்பட்டுப் பாய்ந்த புலி ஓரத்தில் ஒதுங்கியதும், ஒரே கோட்டில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு ஆடுகள் அமர்ந்துவிட்டால், அவ்வழியே தாண்டவும் இயலாது.

வார்ஹேமர் முதலிய மேனாட்டு மேசைப் போர் விளையாட்டுகளில், மாய உலகச் சேனைகளை நடத்துவோர், இலகுவான குதிரைப்படைச் சிறு அணியொன்றைப் பெரும்படையின் முன் சாய்வாக நிறுத்துவதும் இதே தந்திரந்தான்; மோதும் படை அச்சாய்வுக்கிணங்கத் தன் முகத்தைத் திருப்பிக்கொள்ள நேர்வதால், அவ்வணியை அழித்த பின்னரும் தன் விலாப்புறத்தை மற்றவர்க்குக் காட்டி நிற்கிறது.

எனினும் நம் ஆட்டத்தில் காலமறிதல் இன்னும் கடினமென்றே கருதுகிறேன். கையில் ஆடு மீந்திருக்கும்வரை அதனை எந்தக் காலிப் புள்ளியிலும் வைக்கலாம். பதினைந்தும் இறங்கிய பிறகோ, ஆடுகள் அடுத்த புள்ளிக்கு ஒவ்வோரடியாகவே நகர முடியும். ஆகையால் பலியிடுவதை அதற்கு முன்பே முடித்துக்கொள்வதே உசிதம்.