பள்ளத்து வீட்டின் உரிமை

திருவனந்தபுரம் மாவட்டத்துப் பெருங்கடவிளையில் சமதரை குறைவு. நெய்யாற்றின்கரையை விட்டு மலைப்பக்கம் போகப் போக நிலம் ஏறியும் இறங்கியும் கிடக்கிறது. மேட்டில் ரப்பர், சரிவில் தென்னையும் மரச்சீனியும், தாழ்வில் வாழை. வீடுகளும் நிலத்தின் போக்கில்தான் இருக்கின்றன. சில குன்றின் மேல், சில அதன் மறைவில். இப்படிப்பட்ட ஊர்களுக்குக் கம்பியில்லா பிராட்பேண்டு நல்ல செய்தியாகத்தான் வந்தது. தெருத்தெருவாகக் கேபிள் இழுக்க வேண்டாம். மொட்டைமாடியில் ஒரு பெட்டி, கூடத்தில் ஒரு ரூட்டர், டவரிலிருந்து நேராக இணைப்பு.

ஆனால் இரண்டு வீடுகளுக்கு ஒரே திட்டம், ஒரே மாதக் கட்டணம் என்றாலும் மேட்டு வீட்டில் பாடக் காணொளி தடையில்லாமல் ஓடும். பள்ளத்து வீட்டில் சாயங்காலமானால் படம் உறைந்து நிற்கும். புகார் எண்ணை அழைத்தால் முதலில் வரும் பதில், ரூட்டரை அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள் என்பது. போட்டுப் பார்க்கிறார்கள். ரேஞ்ச் வருவதில்லை. மறுநாள் மறுபடி அழைக்கிறார்கள்.

இதைப் பொதுவாக ஒரு நுகர்வோர் குறையாக மட்டுமே பேசி முடித்துவிடுகிறோம். இதற்குள் ஒரு பழைய அறக்கேள்வி இருக்கிறது. எல்லாருக்கும் உரியது என்று அறிவிக்கப்பட்ட ஒன்று ஒருவருக்கு மட்டும் வந்து சேரவில்லை என்றால், அங்கே அநீதி நடந்திருக்கிறதா? நடந்திருந்தால் அதற்கு யார் பொறுப்பு?

இந்தக் கேள்வியைக் கேட்க இதைவிடப் பொருத்தமான மண் கிடைப்பது அரிது. பெருங்கடவிளைப் பக்கம் நெய்யாற்றங்கரையில்தான் அருவிப்புறம் இருக்கிறது. 1888-ஆம் ஆண்டு சிவராத்திரி இரவில் ஸ்ரீநாராயண குரு அந்த ஆற்றில் மூழ்கி எடுத்த கல்லை அங்கே சிவலிங்கமாக நிறுவினார். ஒதுக்கப்பட்ட ஈழவர் சாதியில் பிறந்தவருக்குப் பிரதிஷ்டை செய்யும் அதிகாரம் உண்டா என்று அன்று கேட்டவர்கள் இருந்தார்கள். தாம் நிறுவியது தம்மவர்களுக்கான சிவனை என்ற பொருளில் குரு பதில் சொன்னதாக மரபு சொல்கிறது. சாதி வேற்றுமையும் மதப் பகையும் இல்லாமல் எல்லாரும் உடன்பிறந்தாராக வாழ்வதற்கான இடம் இது என்ற கருத்தை அங்கே எழுதியும் வைத்தார். இடையில் நிற்பவரின் அனுமதிக்குக் காத்திராமல், ஒதுக்கப்பட்டவர்கள் இருந்த கரையிலேயே அவர்களுக்கு உரியதைக் கொண்டுவந்து வைத்ததுதான் அந்த இரவின் பொருள்.

தெய்வ சன்னிதியோடு வீட்டு ரூட்டரைச் சேர்த்துப் பேசலாமா என்று ஒரு பக்தர் தயங்கக்கூடும். தமிழிலும் எழுதியவர், மருந்துவாழ்மலையில் தவமிருந்தவர் என்று துறவியாகவே குருவை அறிந்தவர்களுக்கு அந்தத் தயக்கம் இயல்பு. இணையம் ஆசையை வளர்ப்பது. ஆன்மிகமோ ஆசையை விடச் சொல்வது. அப்படியிருக்க, இணைப்பு இல்லாத குறையை அறத்தின் கணக்கில் ஏன் சேர்க்க வேண்டும்?

குருவின் வாழ்க்கையிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. 1928-இல் கோட்டயம் நாகம்படத்தில் தம் மடம் இருந்த சிவகிரிக்கான யாத்திரைக்கு அவர் இசைவு தந்தபோது, யாத்திரைக்கு எட்டு நோக்கங்களை வகுத்தார்: கல்வி, தூய்மை, இறைபக்தி, அமைப்பாகத் திரள்வது, விவசாயம், வணிகம், கைத்தொழில், தொழில்நுட்பப் பயிற்சி. ஒரு புனித யாத்திரையின் நோக்கங்களில் பக்தி மூன்றாவதாகவும் தொழில்நுட்பப் பயிற்சி எட்டாவதாகவும் ஒரே வரிசையில் நிற்கின்றன. கல்வியும் கருவியும் எட்டாத மனிதனிடம் பற்றை விடு என்று சொல்வதில் அவருக்கு உடன்பாடு இல்லை. கையில் இருப்பதை விடுவதுதான் துறவு. கொடுக்கப்படாததை இல்லாமல் இருப்பது வெறும் இல்லாமை.

குருவின் பெயர் தாங்கிய கல்லூரி ஒன்றிலிருந்தே இதே வாதம் நீதிமன்றத்துக்கும் போனது. கோழிக்கோடு மாவட்டம் சேளன்னூரில் உள்ள ஸ்ரீநாராயண குரு கல்லூரியின் விடுதியில், மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை மாணவிகள் கைப்பேசி பயன்படுத்தக் கூடாது என்று விதி இருந்தது. படிப்பு கெடக்கூடாது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். ஏற்க மறுத்த ஒரு மாணவி விடுதியிலிருந்து நீக்கப்பட்டார். 2019 செப்டம்பர் 19 அன்று கேரள உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பி.வி. ஆஷா அளித்த தீர்ப்பு அந்த மாணவியை மறுபடி சேர்த்துக்கொள்ளச் சொன்னது. இணையத்தை அணுகும் உரிமை, கல்வி உரிமையிலும் அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் அந்தரங்க உரிமையிலும் அடங்கியது என்றும் அது சொன்னது. நான்கு மாதங்களுக்குள், 2020 ஜனவரியில், காஷ்மீர் இணையத் தடை வழக்கில் உச்ச நீதிமன்றம் சற்று எச்சரிக்கையாகப் பேசியது. இணையம் வழியாகப் பேசுவதும் தொழில் செய்வதும் அரசமைப்பின் காப்புக்கு உட்பட்டவை என்றது. இணைய அணுகலே அடிப்படை உரிமையா என்ற கேள்விக்குள் அது போகவில்லை.

கேரள அரசு முன்பே உரிமை என்ற பக்கம் சாய்ந்திருந்தது. 2017-18 நிதிநிலை அறிக்கை இணையத்தைக் குடிமக்களின் உரிமையாகப் பேசியது. அந்த எண்ணத்தில் பிறந்த கே-ஃபோன் என்னும் கண்ணாடியிழை வலையமைப்பை 2023 ஜூன் 5 அன்று முதலமைச்சர் பினராயி விஜயன் தொடங்கிவைத்தார். 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்பது இலக்கு. முதல் கட்டத்தில், ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு 100 வீதம் 140 தொகுதிகளில் 14,000 குடும்பங்கள். உலகில் இந்த எண்ணம் புதிதும் அல்ல. 2010 ஜூலையிலேயே பின்லாந்து, ஒவ்வொருவருக்கும் நொடிக்கு 1 மெகாபிட் வேக இணைப்பு சட்டப்படி உரியது என்று வைத்துவிட்டது.

ஆக, அறிவிப்புகளுக்குப் பஞ்சமில்லை. பள்ளத்து வீட்டின் சிக்கல் அறிவிப்புக்குப் பிறகுதான் தொடங்குகிறது.

அறிவித்ததற்கும் வந்து சேர்வதற்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதை இந்த வட்டாரம் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே அறிந்திருந்தது. ஒடுக்கப்பட்ட சாதியினருக்குப் பொது வழியில் நடக்கவே தடை இருந்த காலத்தில், 1893-இல் அவர்களில் ஒருவரான வெங்ஙானூர் அய்யங்காளி வில்லுவண்டி ஏறிச் சாலையில் போனார். பின்னர், ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கலாம் என்று திருவிதாங்கூர் அரசாணை வந்தது. ஆணை வந்த பிறகும் பள்ளிக் கதவு திறக்கவில்லை. பஞ்சமி என்ற சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டு அய்யங்காளி ஊரூட்டம்பலம் பள்ளிக்குள் போனபோது, அந்தப் பள்ளியையே தீ வைத்துக் கொளுத்தினார்கள். பாதி எரிந்த பெஞ்சு ஒன்று இன்றும் அங்கே பாதுகாக்கப்படுகிறது. ஆணையைப் பொறுத்தவரை பஞ்சமிக்கு உரிமை முழுதாக இருந்தது. வகுப்பறையில் அவளுக்கு உட்கார இடம்தான் இல்லை.

பள்ளியைக் கொளுத்திய சாதிவெறியும் ரேஞ்ச் கிடைக்காத கஷ்டமும் ஒரே எடையுள்ளவை அல்ல. ஆனால் இரண்டிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: உரிமை எந்த இடத்தில் முழுமை பெறுகிறது, ஆணையிலா, ஆளிடமா? 2009-இல் வெளிவந்த ‘தி ஐடியா ஆஃப் ஜஸ்டிஸ்’ நூலில் அமர்த்தியா சென் இந்திய மரபிலிருந்தே நீதி, நியாயம் என்ற இரண்டையும் எடுத்துப் பிரித்துக் காட்டுகிறார். விதிகளும் அமைப்புகளும் சரியாக இருப்பது நீதி. மனிதர் வாழ்வில் உண்மையில் என்ன நடக்கிறது என்பது நியாயம். ஒரே பொருளை எல்லாருக்கும் சமமாகக் கொடுத்தாலும், அவரவர் உடலையும் இடத்தையும் பொறுத்து அதனால் கிடைக்கும் பயன் மாறும் என்பதை அவர் 1979 முதலே சொல்லி வந்தவர். ஒரே கட்டணம், ஒரே திட்டம், ஒரே ரூட்டர் என்ற சமத்துவம் இங்கேதான் போதாமல் போகிறது.

குன்றின் மேல் யாரும் கோபப்பட முடியாது, அது இயற்கை என்று ஒருவர் சொல்லலாம். பாதி உண்மை. இந்தியாவில் 5ஜி-க்காக 2022 ஏலத்தில் விற்ற அலைவரிசைகளில் 700 மெகாஹெர்ட்ஸ் நெடுந்தூரம் போகும், சுவரையும் ஓரளவு கடக்கும். 3.3 கிகாஹெர்ட்ஸ் வேகம் அதிகம், எட்டும் தூரம் குறைவு. 26 கிகாஹெர்ட்ஸ் அலைக்குப் பெட்டியும் டவரும் ஏறத்தாழ ஒன்றையொன்று பார்த்தாக வேண்டும். நடுவே குன்று வந்தால் தீர்ந்தது. மழையில் நனைந்த ரப்பர் இலைகள் அலையை உறிஞ்சும். வெட்டுக்கல் சுவரும் கான்கிரீட் தளமும் வீட்டுக்குள் ரூட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் அலையை மறிக்கும். சாயங்காலம் ஊர் முழுவதும் ஒரே டவரைப் பங்கிட்டுக்கொள்வதால் ஒவ்வொருவர் பங்கும் சுருங்கும். கரண்ட் போனால் ரூட்டரும் கண்மூடும்.

மீதிப் பாதி மனிதர் கையில் இருக்கிறது. குன்று எங்கே இருக்கிறது என்பது விற்பவருக்குத் தெரியும். எந்த டவரில் எத்தனை பேரைச் சேர்ப்பது என்பது அவர் எடுக்கும் முடிவு. பெட்டியை மாட்டுவதற்கு முன்பே அந்த மாடியில் அலை எவ்வளவு என்று அளக்க முடியும். அளந்து, இங்கே வராது என்று சொல்லவும் முடியும். முன்கூட்டித் தெரிந்த குறையை மறைத்துக் கட்டணம் வாங்கிய பிறகு, ரூட்டரை அணைத்துப் போடுங்கள் என்று வீட்டுக்காரரிடமே பழியைத் திருப்புவது இயற்கையின் செயல் ஆகாது.

அப்படியானால் மேட்டு வீட்டுக்காரர் கடவுச்சொல்லைக் கொடுத்து உதவலாமே? கிராமத்தில் இது நடக்கவே செய்கிறது; நல்ல மனம்தான். கம்பியில்லா அலையே ஒருவகையில் பங்கிட்டுக்கொள்ளும் பண்பில் நிற்கிறது. 1971-இல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழுவினர் தீவுகளை ரேடியோவால் இணைத்தபோது, ஒவ்வொரு கருவியும் தனக்குத் தோன்றியபோதெல்லாம் தகவலை அனுப்பியது. அனுப்பியவை ஒன்றோடொன்று மோதின. கணக்குப்படி வழியின் கொள்ளளவில் சுமார் 18 சதவீதத்துக்கு மேல் பயன் கிடைக்காது. 1997-இல் வகுத்த வைஃபை விதிப்படி கருவி முதலில் காது கொடுத்துக் கேட்கும். வேறொருவர் பேசினால் சற்றுப் பொறுத்துப் பிறகு பேசும். வைஃபை ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை இந்திய அரசு 2005-இல் உரிமம் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. ஊர்ப் புறம்போக்கு மாதிரி அது எல்லாருக்கும் பொது, ஒருவர் அளவு மீறினால் எல்லாருக்கும் நெருக்கடி.

ஆனால் உரிமையின் பாரத்தை அண்டை வீட்டுக் கருணையின் மேல் ஏற்ற முடியாது. 2008-இல் அகமதாபாத் குண்டுவெடிப்பின்போது வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் பூட்டாமல் விட்டிருந்த ஒரு வைஃபை வழியாகப் போனது. அடுத்த ஆண்டே வைஃபையைப் பூட்டி வைக்கச் சொல்லி அரசு உத்தரவிட்டது. கொடுப்பவர் ஆபத்தைச் சுமக்கிறார். வாங்குபவரோ அவர் மனம் மாறாதவரை மட்டுமே பெறுகிறார். இன்னொருவர் தயவில் நிற்பதை உரிமை என்று சொல்ல முடியாது. பொறுப்போடு பங்கிடும் வழியை அரசுதான் அமைக்க வேண்டும். 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பி.எம்.-வானி திட்டம், உரிமக் கட்டணம் இல்லாமல் பெட்டிக்கடையும் பொது வைஃபை தரலாம் என்றது. ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு வாசகசாலையோ அங்கன்வாடியோ அப்படி ஒரு மையமாக முடியும்.

வந்து சேராத உரிமையின் விலை என்ன என்பதை 2020 ஜூன் காட்டியது. கொரோனாவால் பள்ளிகள் மூடியிருந்த நிலையில், ஜூன் 1 அன்று கேரள அரசின் கல்வித் தொலைக்காட்சியான விக்டர்ஸில் ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகள் தொடங்கின. கல்லூரிப் பாடங்களும் இணையத்துக்குப் போயின. கோட்டக்கல் அருகே ஒரு கல்லூரி மாணவி, ரேஞ்சுக்காக வீட்டு ஓட்டுக்கூரையின் மேல் ஏறி உட்கார்ந்து பாடம் கேட்ட படம் நாடெங்கும் பரவியது. படம் பரவிய பிறகு அந்த வீட்டுக்கு நல்ல இணைப்பு வந்தது. படம் பரவாத வீடுகளுக்கு?

அந்த வீடுகள் பேசுவதற்குக் கையில் இருக்கும் வழி புகார்தான். 2009-இல், கோழிக்கோட்டிலிருந்து போன ஒரு தொலைபேசி வழக்கில், இத்தகைய தகராறுகளை நுகர்வோர் மன்றம் விசாரிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதால் அந்த வழி பல ஆண்டுகள் அடைபட்டிருந்தது. அதே நீதிமன்றத்தின் 2022 பிப்ரவரி 16 தீர்ப்பு அதை மறுபடி திறந்தது. 2024-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வெளியிட்ட சேவைத்தர விதிகளின்படி, எந்த இடத்தில் எந்தத் தலைமுறைச் சேவை கிடைக்கிறது என்ற வரைபடத்தை நிறுவனங்கள் வெளியிட வேண்டும். மத்திய அரசின் வரையறைப்படி, 2023-இலிருந்து நொடிக்கு 2 மெகாபிட்டுக்குக் குறைந்தது பிராட்பேண்டே அல்ல.

ஆகவே பள்ளத்து வீட்டுக்காரர் தன் புகாரின் பதிவு எண்ணைக் குறித்துவைப்பது சிறுமை அல்ல, முணுமுணுப்பும் அல்ல. அய்யங்காளி பள்ளிக் கதவு வரை போய் ஆணையைச் சோதித்தது போல, அவர் தன் வாசலில் அறிவிப்பைச் சோதிக்கிறார். பெருங்கடவிளை கிராம சபையில் குடிநீரும் சாலையும் பேசும் நாளில், எந்தெந்த வீட்டுக்கு மாலை 7 மணிக்கு 2 மெகாபிட் வருகிறது என்று வார்டு வார்டாக எழுதி, நிறுவனங்களின் வரைபடத்தோடு வைத்துப் பார்க்க முடியும். வேறுபாடு தெரிந்த இடங்களில் பதில் சொல்ல வேண்டியவர் யார், நிறுவனமா, கே-ஃபோனா, பஞ்சாயத்தா என்பதை அந்தக் கூட்டத்திலேயே பெயர் சொல்லிப் பதிவு செய்யலாம்.