கண் இழந்தும் நிற்காத நடை
(தென்னேரியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஏரிக்கரை ஊர் உங்களுடையது. திரையன் ஏரி என்ற அதன் பழைய பெயரைக் கேட்டிருப்பீர்கள். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன் வெட்டியது என்று பெரியவர்கள் சொல்வார்கள். மழை பொய்த்தால் வயல்காரருக்குக் கவலை. மழை கொட்டினால் தறிக்காரருக்குக் கவலை: தெருவில் பாவு விரிக்க முடியாது, குழித்தறிப் பள்ளத்தில் தண்ணீர் ஊறும். 2020இல் மழையும் காரணமில்லை, வெயிலும் காரணமில்லை; ஊரடங்கில் கல்யாணங்கள் சுருங்கின, காஞ்சிபுரத்துத் தறிகள் நின்றன. அப்படிப்பட்ட நேரத்தில், "சாமியை நம்பு, எல்லாம் சரியாகும்" என்று யாராவது வந்து சொன்னால் கோபம்தான் வரும். வரட்டும். அந்தக் கோபத்தோடேயே இறைவனிடம் போன ஒருவரைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

சுந்தரமூர்த்தி நாயனார். அவர் கதையை நமக்கு விரிவாகச் சொன்னவர் சேக்கிழார். குன்றத்தூர்க்காரர், நம் தொண்டை நாட்டுப் பிள்ளை. அதனால்தானோ என்னவோ, திருவொற்றியூரிலிருந்து காஞ்சி வரைக்குமான நடையை அவ்வளவு ஆசையாகச் சொல்லியிருக்கிறார்.

திருவாரூரில் பரவையாரை மணந்தவர் சுந்தரர். ஒற்றியூருக்கு வந்த இடத்தில் சங்கிலியாரைப் பார்த்து அவரையும் மணக்க விரும்பினார். "உன்னைப் பிரியேன்" என்று சத்தியம் செய்து தரவேண்டும் என்றார்கள். சுந்தரர் என்ன செய்தார் தெரியுமா? நேரே இறைவனிடம் போய், "நான் சந்நிதியில் சத்தியம் செய்யும்போது நீர் அங்கே இருக்காதீர், வெளியே மகிழ மரத்தடியில் இரும்" என்று ஏற்பாடு செய்துகொண்டார். இறைவன் சரி என்றான். அன்றிரவே சங்கிலியாரின் கனவில் போய், "மகிழ மரத்தடியில் சத்தியம் கேள்" என்றும் சொல்லிவிட்டான்! (சிரிப்பு) சுந்தரருக்கு இறைவன் தோழன்; தோழர்களுக்குள் இப்படித்தான் நடக்கும்.

சில காலம் போனது. திருவாரூர் வசந்த விழா நினைவுக்கு வந்தது. மகிழ மரத்தடியில் செய்த சத்தியத்தை மீறி, சுந்தரர் ஒற்றியூர் எல்லையைத் தாண்டினார். இரண்டு கண்ணும் போயின.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன். இந்தக் கஷ்டம் ஊழாலோ, யாரோ செய்த சூதாலோ வரவில்லை. அவரே வாங்கிக்கொண்டது. மகள் கல்யாணத்துக்குச் சக்திக்கு மீறிக் கடன் வாங்கியவர் இந்தக் கூட்டத்திலும் இருக்கலாம். "என் தப்பு இது, எந்த முகத்தோடு சாமியிடம் போய் நிற்பேன்" என்று கோயிலுக்கு வருவதையே விட்டவரை நான் பார்த்திருக்கிறேன். சுந்தரர் அப்படி ஒதுங்கவில்லை. தப்பு செய்தேன் என்பதை மறைக்கவில்லை. அதற்காக, கேட்கும் உரிமையையும் விட்டுக்கொடுக்கவில்லை. "பிழை செய்தால் பொறுக்கத்தானே நீ இருக்கிறாய்?" என்பதுதான் அவர் பாட்டின் சாரம்.

இன்னொன்று. கண் போனதும் அவர் ஒற்றியூருக்குத் திரும்பவில்லை, அங்கேயே உட்காரவும் இல்லை. திருவாரூருக்குத்தானே கிளம்பினார்? கண் தெரியாமலே நடந்தார். வட திருமுல்லைவாயில் போனார். அடுத்துத் திருவெண்பாக்கம். அங்கே சந்நிதியில் நின்று, "கோயிலுக்குள் இருக்கிறாயா?" என்று கேட்டார். கண் இல்லாதவன் கேட்கிற கேள்வி அது, குத்தலும் உண்டு. உள்ளிருந்து பதில் வந்தது: இருக்கிறோம், நீ போய் வா என்று! கண் வரவில்லை. ஓர் ஊன்றுகோல் கிடைத்தது. அந்தக் கோபத்தில் கோலை வீசினார், அது பட்டு நந்தியின் கொம்பு ஒடிந்தது என்று அந்தத் தலத்தில் சொல்கிறார்கள். பூண்டி நீர்த்தேக்கம் 1944இல் அமைந்தபோது பழைய வெண்பாக்கம் கோயில் இருந்த இடம் தண்ணீருக்குள் போனது. சுவாமி ஊன்றீஸ்வரரைப் பூண்டிக்கு எழுந்தருளச் செய்து புதுக் கோயில் கட்டினார்கள். சென்னைக்குக் குடிதண்ணீர் வேண்டுமென்று தன் இடத்தையே விட்டுக்கொடுத்து எழுந்து வந்தவர் ஊன்றீஸ்வரர்.

பழையனூர் ஆலங்காட்டைத் தொழுது காஞ்சிக்கு வந்தார் சுந்தரர். காமகோட்டத்தில் அம்மனை வணங்கிவிட்டு ஏகம்பத்துக்குப் போனார். கம்பையாற்றில் வெள்ளம் வந்தபோது, தான் பிடித்து வைத்த மணல் லிங்கத்தை விட்டு ஓடாமல் அம்மை கட்டிக்கொண்டாளே, அந்த இடம். அங்கே இடக் கண் கிடைத்தது. ஒன்றுதான். நாமாக இருந்தால், "இன்னொன்று எங்கே?" என்று முதலில் கேட்டிருப்போம். அவரோ கிடைத்த ஒரு கண்ணால் பார்க்க முடிந்ததே என்று ஒரு பதிகம் முழுக்க வியந்து தீர்த்தார். அதற்குப் பிறகு நெடுந்தூரம் நடந்தார். வழியில் உடம்பில் நோய் வந்து, திருத்துருத்தியில் தீர்ந்தது. வலக் கண் திருவாரூரில்தான் வந்தது. அதற்கு முன் அங்கே பாடிய பதிகத்தில், "அடியார்கள் வாடட்டும், நீர் மட்டும் சௌக்கியமாக இரும்" என்ற பொருளில் இறைவனை வைதிருக்கிறார். வன்தொண்டர் என்ற பெயர் அவருக்குச் சும்மா வரவில்லை.

சைவக் கதை சொன்னேன், காஞ்சியின் இன்னொரு கோயிலான வரதராஜப் பெருமாள் கோயிலை விட்டுவிட்டால் சின்ன காஞ்சிபுரத்தார் வருத்தப்படுவார்கள். பக்கத்துக் கூரத்தில் பிறந்தவர் கூரத்தாழ்வான். பெரும் செல்வத்தை உதறிவிட்டு ராமானுஜரிடம் போனவர். சோழ அரசன் ராமானுஜரை அழைத்தபோது கூரத்தாழ்வான் குருவின் காவியைத் தான் உடுத்திக்கொண்டு அவருக்குப் பதிலாக அரசவைக்குப் போனார். கூடவே இருந்த நாலூரான் காட்டிக்கொடுத்தான். கண்கள் போயின. பின்னாளில் ராமானுஜர், "வரதரிடம் கண்ணைக் கேள்" என்று அனுப்பினார். வரதராஜஸ்தவம் பாடி நின்றவர் வரதரிடம் கேட்டது தன் கண்ணை அல்ல. நாலூரானுக்கும் தனக்குக் கிடைக்கும் அதே பதம் கிடைக்க வேண்டும் என்று கேட்டார்.

உள்ளதைச் சொல்கிறேன், கூரத்தாழ்வானின் மனசு எனக்கு எட்டாத உயரம். கூலி பாக்கி வைத்தவனுக்காக வேண்டிக்கொள் என்று தறிக்காரரிடம் நான் சொல்லமாட்டேன். சொன்னால் அது கொடுமை. சுந்தரர் வழி நமக்குப் போதும். அழலாம், திட்டலாம், கேட்கலாம். ஆனால் வாசலை விட்டுப் போய்விடாமல் கேட்க வேண்டும். நடையை நிறுத்தாமல் கேட்க வேண்டும்.

கஷ்டம் வந்ததும் பரிகாரம் சொல்ல ஆள் வந்துவிடுகிறார்கள். அறுபத்து மூவர் கதையில் எங்கேயாவது வட்டிக்கு வாங்கிப் பரிகாரம் செய்தார்கள் என்று வருகிறதா? தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தப் பணத்தில் மருத்துவரைப் பாருங்கள், பிள்ளைக்குப் பள்ளிக்கூடக் கட்டணம் கட்டுங்கள். ஏகம்பனுக்கு ஒரு வில்வ இலை போதும்.

வெண்பாக்கத்தில் கோலை இறைவனே கொடுத்தான். இப்போதெல்லாம் பெரும்பாலும் ஆள் மூலமாகத்தான் கொடுத்தனுப்புகிறான். ஆகவே ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் தறிச் சத்தம் நின்றுபோன வீடு ஒன்று இருந்தால், நாளைக் காலையில் அந்தக் கதவைத் தட்டி, "என்னாச்சு அண்ணே, சாப்பிட்டீங்களா?" என்று கேளுங்கள். முடிந்ததைச் செய்யுங்கள். நம்பிக்கையைப் பற்றி அங்கே எதுவும் பேசவேண்டாம்.