ஓடத்தில் விருந்து

விருந்தோம்பலைப் பற்றித் திருவள்ளுவர் பத்துக் குறள் பாடியிருக்கிறார். மூக்கருகே கொண்டுபோனாலே வாடிவிடும் அனிச்சப் பூவையும், வீட்டுக்காரரின் முகம் மாறினாலே வாடிவிடும் விருந்தாளியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியிருக்கிறார். அந்தப் பத்தையும் படிக்கும்போதெல்லாம் என் மனக்கண்ணில் தோன்றுவது ஒரு வீடுதான். திண்ணை, நிலைப்படி, வாசலில் கோலம். விருந்தாளி படியேறி வருகிறார். உண்டு, களைப்பாறி, உத்தரவு வாங்கிக்கொண்டு படியிறங்கிப் போகிறார். முகம் கோணியதாகத் தோன்றினால் ஒரு நாள் முன்னதாகவே கிளம்பிவிடலாம். அவர் அப்படிக் கிளம்பிவிடக்கூடும் என்பது வீட்டுக்காரருக்கும் தெரியும். இரண்டு பேரையும் மரியாதையில் நிறுத்தி வைப்பதில் அந்த வாசல்படிக்குப் பெரும் பங்கு உண்டு.

வாசல்படியே இல்லாத ஓரிடத்தில் விருந்து வைத்தால் என்ன ஆகும்? நடுத் தண்ணீரில், ஓர் ஓடத்தில் வைத்தால்? விருந்தாளி நினைத்த நேரத்தில் எழுந்து போக முடியாது. அப்போது வீட்டுக்காரர் செய்யும் உபசாரத்துக்கு என்ன பெயர்? விருந்தாளி சொல்லும் நன்றிக்கு என்ன மதிப்பு?

திருச்சியில் இருக்கிறவனுக்கு இந்தக் கேள்வி எழுவது இயற்கைதான். காவிரி முக்கொம்பில் இரண்டாகப் பிரிந்து, வடக்கே கொள்ளிடமும் தெற்கே காவிரியுமாக ஓடி, கிழக்கே கல்லணைப் பக்கம் மறுபடி நெருங்கி வருகிறது. நடுவில் இருக்கும் தீவுதான் ஸ்ரீரங்கம். 1976-ல் திறந்த காவிரிப் பாலத்தின்மேல் பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தீவுக்குள் போகிறோம் என்ற நினைப்பே வருவதில்லை. 2018 ஆகஸ்டில் வெள்ளம் வந்து முக்கொம்பு மேலணையின் மதகுகள் அடித்துக்கொண்டு போயின. 1928-ல் கட்டிய கொள்ளிடத்துப் பழைய இரும்புப் பாலம் இடிந்து விழுந்தது. அந்த நாட்களில்தான் தண்ணீருக்கு நடுவே குடியிருப்பது பலருக்கு ஞாபகம் வந்தது. பாலம் இருக்கிறவரையில் தீவும் ஊர்தான். பாலம் போனால் ஊரும் ஓடம்தான்.

சில வருஷங்களுக்கு முன் நாங்கள் ஆறு சிநேகிதர்கள் ஆலப்புழைக்குப் போனோம். எங்களில் வசதியுள்ள ஒருவர் இரண்டு நாளைக்கு ஒரு கெட்டுவள்ளத்தை வாடகைக்கு எடுத்திருந்தார். ஆஞ்சிலிப் பலகைகளை ஆணியில்லாமல் கயிற்றால் கட்டி, மேலே மூங்கிலும் பாயும் வேய்ந்த படகு. ஒரு காலத்தில் நெல் ஏற்றிய படகுகளின் ஜாதி. இப்போது மனிதர்களை ஏற்றுகிறது. செலவு முழுவதும் அவருடையது. சமையலுக்கு ஆள், சீட்டுக்கட்டு, பாட்டுப் பெட்டி, மாலையில் வறுத்த முந்திரி - எதையும் அவர் மறக்கவில்லை. வேம்பநாட்டுக் காயலில், பாதிராமணல் தீவைத் தாண்டிப் போகும்போது, ஒவ்வொருவரிடமும் வந்து, “என்னய்யா, சௌகரியம்தானே?” என்று கேட்டார்.

எங்களில் ஒருவருக்கு மனைவி தவறி ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. அவர் படகின் முன்பக்கத்தில் தனியாக உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்க விரும்பினார். அழைத்து வந்தவருக்கு அது பொறுக்கவில்லை. துக்கத்தை மறக்கத்தானே அழைத்து வந்தோம் என்பது அவருடைய நியாயம். கையைப் பிடித்து இழுத்து வந்து சீட்டாட்டத்தில் உட்கார வைப்பார், பாடச் சொல்லுவார், நள்ளிரவு வரையில் தூங்க விடமாட்டார். அரை மணிக்கு ஒரு தரம், “சௌகரியம்தானே?” என்பார். “ரொம்ப சௌகரியம்” என்று இவரும் சொல்லுவார்.

ஆலப்புழையில் இறங்கியதும் இவர் தம் பையை எடுத்துக்கொண்டு, காரில் இடம் இருந்தும், தனியாகப் பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்துவிட்டார். அந்த இருபது வருஷச் சிநேகிதம் அதன்பிறகு பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. “நான் என்ன குறை வைத்தேன்?” என்று அழைத்துப் போனவர் இன்றைக்கும் கேட்கிறார். “அவர் ஒரு குறையும் வைக்கவில்லை. கேட்டபோதெல்லாம் சௌகரியம் என்றேன். நடுத் தண்ணீரில் வேறு என்ன சொல்லுவேன்?” என்றார் மற்றவர்.

இருவருமே நல்லவர்கள். இருவருமே உண்மையைத்தான் சொன்னார்கள். அப்படியானால் கெட்டுப்போனது எது?

இதற்கு எனக்கு வழி காட்டியது ஓர் ஆங்கிலக் கப்பலின் கதை. 1831 டிசம்பரில் ‘பீகிள்’ என்ற கப்பல் இங்கிலாந்திலிருந்து உலகைச் சுற்றக் கிளம்பியது. காப்டன் பிட்ஸ்ராய்க்கு வயது இருபத்தாறு. அதே கப்பலில் அவருக்கு முன் காப்டனாக இருந்தவர், தென் அமெரிக்காவின் தென்கோடிக் கடலில், தனிமையும் குளிரும் தாங்காமல் 1828-ல் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர். காப்டன் தமக்குக் கீழே உள்ளவர்களோடு சரிசமமாக உட்கார்ந்து பேசிச் சாப்பிடும் வழக்கம் அந்தக் கடற்படையில் இல்லை. ஆகவே பேச்சுத் துணைக்கு ஒரு விருந்தாளியைத் தேடினார் பிட்ஸ்ராய். கிடைத்தவர் இருபத்திரண்டு வயது சார்லஸ் டார்வின்.

ஐந்து வருஷ விருந்து அது. கலாபகஸ் தீவுகள், தாஹிதி, இந்து மகாசமுத்திரத்துக் கீலிங் தீவுகள் என்று வெப்பமண்டலத்துத் தீவுகளையெல்லாம் விருந்தாளி பார்த்தார். உலகத்தின் சிந்தனையையே மாற்றிய விருந்து என்று சொன்னாலும் தகும். ஆனால் என்னைக் கவர்வது, கரையை விட்டுக் கிளம்புமுன் அவர்கள் செய்துகொண்ட ஏற்பாடு. டார்வின் எப்போது வேண்டுமானாலும் கப்பலை விட்டுப் போகலாம். காப்டனின் மேஜையில் சாப்பிடுவதற்குத் தம் பங்கைத் தாமே கொடுத்துவிட வேண்டும். அதோடு, ‘நான் தனியாக இருக்க விரும்பும்போது அறையை விட்டுப் போகச் சொன்னால் உம்மால் பொறுத்துக்கொள்ள முடியுமா?’ என்ற கருத்தில் காப்டன் முதலிலேயே வெளிப்படையாகக் கேட்டுவிட்டார். நம் ஊரில் இதைக் கேட்டால், ‘இதென்ன விருந்து, குத்தகைப் பத்திரம் மாதிரி!’ என்று முகம் சுளிப்பார்கள். பணக் கணக்குப் பேசினாலே சிநேகிதம் அசுத்தமாகிவிட்டதென்று நினைக்கிற ஜாதி நாம். ஆனாலும் ஐந்து வருஷம் தாங்கியது அந்த ஏற்பாடு. எங்கள் படகில் இருந்த ஏராளமான அன்பு இரண்டு நாள் தாங்கவில்லை.

அவர்களுக்குள்ளும் சண்டை வந்தது. 1832-ல் பிரேசிலில் அடிமை வியாபாரத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. ஓர் எஜமானர் தம் அடிமைகளைக் கூப்பிட்டு, ‘உங்களுக்கு விடுதலை வேண்டுமா?’ என்று கேட்டாராம். எல்லோரும் வேண்டாம் என்றார்களாம். பிட்ஸ்ராய் இதைப் பெருமையோடு சொன்னார். எஜமானர் எதிரில் அடிமை சொல்லும் பதிலுக்கு ஏதாவது மதிப்பு உண்டா என்று டார்வின் கேட்டுவிட்டார். தம் வார்த்தையையே சந்தேகிக்கிறவரோடு இனிச் சேர்ந்து வாழ முடியாதென்று காப்டன் குதித்தார். கப்பலை விட்டே போகவேண்டி வரும் என்று டார்வின் நினைத்தார். அந்தச் சமயத்தில் மற்ற உத்தியோகஸ்தர்கள், ‘எங்கள் மேஜைக்கு வாருங்கள்’ என்று அவரை அழைத்தார்கள். சில மணி நேரத்தில் கோபம் தணிந்த காப்டன் மன்னிப்புக் கேட்டு ஆள் அனுப்பினார்.

அடிமைத்தனத்தையும் விருந்துபசாரத்தையும் ஒரே தராசில் வைக்கிறேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அது மனிதகுலம் செய்த மகாபாதகம்; இது அன்பின் மிகுதி. ஆனால் டார்வின் கேட்ட கேள்வி இரண்டுக்கும் பொருந்துகிறது. ‘இல்லை’ என்று சொல்ல வழியில்லாதவன் சொல்லும் ‘ஆமாம்’ எதற்கு உதவும்? ‘சௌகரியம்தானே?’ என்று எங்கள் சிநேகிதர் ஐம்பது தரம் கேட்டார். ஐம்பது தரமும் பதில் அவருக்கு முன்கூட்டியே தெரியும். அவர் தமக்குத் தாமே சொல்லிக்கொண்ட சமாதானம் அது. கேள்வியின் உருவத்தில் இருந்ததால் கேள்வி என்று அவரே நம்பிவிட்டார்.

இந்த இடத்தில் குகனை நினைக்காமல் இருக்க முடியவில்லை. கம்பர் தம் ராமாயணத்தை ஸ்ரீரங்கத்தில் அரங்கேற்றினார் என்பது ஐதீகம். தாயார் சந்நிதிக்கு எதிரே அந்த மண்டபத்தை இன்றும் காட்டுகிறார்கள். கம்பருடைய குகன் ஆயிரம் ஓடங்களுக்குத் தலைவன். தேனும் மீனுமாகக் கொண்டுவந்து ராமன் முன் வைக்கிறான். தவ வேடத்தில் இருக்கும் ராமன் அதை உண்ணவில்லை. அன்போடு வந்ததால் அது தூயதே, நாம் உண்டதற்குச் சமானமே என்ற கருத்தில் பதில் சொல்கிறான். குகனுக்கு அதனால் மனம் கோணவில்லை. தன்னோடேயே தங்கிவிடும்படி ராமனை மன்றாடவும் செய்கிறான். அது இயலாது என்று தெரிந்ததும் ஓடத்தைக் கொண்டுவந்து அக்கரையில் கொண்டுபோய் விடுகிறான். கண்ணில் நீர் இருக்கிறது; கையில் துடுப்பும் இருக்கிறது. ஆற்றின் நடுவில் ஓடத்தை நிறுத்தி, ‘இன்னும் ஒரு நாள் இருந்தால்தான் ஆயிற்று’ என்று அவன் சொல்லவில்லை. ராமன் அவனைத் தம்பியாக ஏற்றது அவனுடைய அன்புக்காகத்தான். வந்தவர் போக விரும்பிய கரையில் கொண்டு விடுவதும் அந்த அன்பில் சேர்ந்ததுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

“அப்படியானால் விருந்தாளிக்குக் கடமையே கிடையாதா? வாயைத் திறந்து சொல்லுவதற்கென்ன?” என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். சௌகரியம் என்று சொல்லிவிட்டு மனத்துக்குள் குறை வளர்ப்பது நேர்மையில்லை. முதல் நாள் இரவே என் சிநேகிதர், ‘எனக்குச் சற்றுத் தனிமை வேண்டும்’ என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்லுகிற பாரம் இரண்டு பேருக்கும் சமமானதல்ல. ஒருவர் உப்பைத் தின்றுகொண்டிருக்கிறார். இன்னொருவர் உப்பைப் போட்டுக்கொண்டிருக்கிறார். துடுப்பு யார் கையில் இருக்கிறதோ அவர்தான் முதலில் பேச வேண்டும். அதுவும் கரையில் இருக்கும்போதே பேச வேண்டும்.

துடுப்பு கையில் இருப்பவருக்கு அதிகாரம் கூடாது என்பதும் என் கட்சியல்ல. காற்றடிக்கும்போது, ‘எழுந்து நிற்காதே, உட்கார்’ என்று ஓடக்காரன் அதட்டினால் மகாராஜாவும் உட்காரத்தான் வேண்டும். ஓடம் கவிழாமல் காக்கும் அதிகாரம் அது. எப்போது சிரிக்க வேண்டும், எப்போது பாட வேண்டும், எப்போது துக்கத்தை மறக்க வேண்டும் என்பதற்கெல்லாம் அந்த அதிகாரம் செல்லாது.

இதையெல்லாம் நான் எழுதுவது காயலில் உல்லாசப் பயணம் போகிறவர்களுக்காக மட்டும் அல்ல. திருச்சி விமான நிலையத்தில் சிங்கப்பூர் விமானம் கிளம்பும் நேரத்தில் போய்ப் பாருங்கள். ஸ்ரீரங்கத்திலிருந்தும் உறையூரிலிருந்தும் லால்குடியிலிருந்தும் வயதான தாய்மார்கள், கையில் ஊறுகாய் ஜாடியும் பருப்புப் பொடியுமாக, பிள்ளை வீட்டுக்கோ பெண் வீட்டுக்கோ போகிறார்கள். அங்கே மாடியில் ஒரு நல்ல அறை, மெத்தை, டெலிவிஷன், வேளைக்கு மருந்து எல்லாம் இருக்கின்றன. காலையில் பிள்ளையும் மருமகளும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். பேரன் பள்ளிக்கூடம் போய்விடுகிறான். பன்னிரண்டாவது மாடியிலிருந்து அம்மாள் கீழே பார்க்கிறாள். எந்த பஸ் எங்கே போகிறதென்று தெரியாது. சாயங்காலம் பிள்ளை வந்ததும் அன்போடு கேட்கிறான்: “சௌகரியமா இருக்கியாம்மா?”

“எனக்கென்னடா குறைச்சல்? ரொம்ப சௌகரியம்” என்கிறாள் அம்மாள்.

அந்தப் பிள்ளையை நான் குறை சொல்ல மாட்டேன். அவனும் ஒன்றையும் மறக்கவில்லை. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் அம்மாவை பஸ்ஸில் அழைத்துக்கொண்டு சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலுக்குப் போய்வரட்டும். அடுத்த வாரம் பஸ் அட்டையையும் வீட்டுச் சாவியையும் அவள் கையில் கொடுத்து, தனியாகப் போய்வரச் சொல்லட்டும். ஊருக்குத் திரும்பும் டிக்கெட்டின் தேதியை அவளையே குறிக்கச் சொல்லட்டும். அதன்பிறகு ஒரு நாள் சாயங்காலம் வந்து அதே கேள்வியைக் கேட்கட்டும்.

அப்போதும் அம்மாள் அதே பதிலைச் சொல்லக்கூடும். அல்லது, “அடுத்த மாசம் ஏகாதசிக்கு ஊருக்குப் போகணும்டா” என்று சொல்லக்கூடும். இரண்டில் எது வந்தாலும் அவன் அதை நம்பலாம்.