விலகிச் செல்வதும் விடுதலையும்

மனிதன் சமூகத்தைவிட்டு விலகுவதாற் சுதந்திரம் பெறுகிறானா, அன்றிச் சமூகத்தினுள் நின்றே அதனைப் பெறுகிறானா என்பது பழைய வினா. துறவிகளும் தத்துவஞானிகளும் இதற்கு விடை கூற முயன்றுள்ளனர். இன்று அதே வினா, வட அமெரிக்காவில் மிக எளிய பொருளொன்றின் வடிவிலே எழுந்து நிற்கிறது. மோட்டார் வண்டியின் பின்னாற் பூட்டி இழுத்துச் செல்லப்படும் சிறிய வண்டிவீடே அப்பொருள்.

இத்தகைய வீடுகளுட் பெயர்பெற்ற ஒன்று 1968ஆம் ஆண்டு கனடாவின் வினிப்பெக் நகரில் உருவாயிற்று. அதனை அமைத்த ரே ஒலெக்கோ என்பவர், அதற்கு முன்னர் கண்ணாடி நாரினால் இலேசான மலக்குழித் தொட்டி செய்தவர். அதே பொருளைக்கொண்டு மேற்பாதி, கீழ்ப்பாதி என இரண்டு ஓடுகளை வார்த்து, நடுவே பொருத்தி, 13 அடி நீளமான வீடொன்றை ஆக்கினார். அதன் நிறை ஆயிரம் இறாத்தலுக்குங் குறைவு. சிறிய காரொன்றே அதனை இழுத்துச் செல்லும். வட்டத் தொப்பியைப் போன்ற தோற்றத்தினால் அது 'போலர்' எனப் பெயர் பெற்றது. பகலில் மேசையாயிருப்பது அதனுள்ளே இரவிற் படுக்கையாகும். பெரிய வீடு வேண்டாம், பெரிய கடனும் வேண்டாம் என எண்ணிய சாதாரண குடும்பங்களுக்கு அது உவப்பாயிருந்ததில் வியப்பில்லை.

தங்கல் மைதானங்கள் பலவற்றில் இவ்வீடுகளுக்கு மின்சாரமும் குழாய்நீரும் கிடைக்கும். அவற்றை ஒதுக்கிவிட்டுப் பாலைவெளிகளையும் காட்டோரங்களையும் நாடுவோர் பலர். ஒரு சூரிய ஒளித்தகடு, ஒரு பற்றரி, பத்துப் பன்னிரண்டு கலன் நீர், சமையலுக்கு எரிவாயு உருளை ஒன்று. இவற்றோடு அவர்கள் நாட்களைக் கழிப்பர். இதனை 'பூண்டொக்கிங்' என்று அழைப்பர். பிலிப்பைன்ஸ் நாட்டின் தகாலொக் மொழியில் 'பூண்டொக்' என்றால் மலை. அந்நாட்டை அடக்கியாளச் சென்ற அமெரிக்கப் படைவீரர் கொண்டுவந்த சொல் அது. ஏகாதிபத்தியத்தின் தடயம் ஓய்வுநாட் பேச்சிலும் மறைந்து கிடக்கிறது.

இவ்வாழ்க்கையை வெறும் பொழுதுபோக்கென்று தள்ளிவிடும் விமரிசகர் நம்மிடையே இருக்கக்கூடும். அவ்வாறு தள்ளுதல் நியாயமன்று. நகரத்து வீட்டிற் குழாயைத் திறப்பவன், நீர் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு போகிறது என்பதைச் சிந்திப்பதில்லை. வண்டிவீட்டிலோ தட்டைக் கழுவுமுன் கடதாசியால் துடைத்துக்கொள்கிறான். இரண்டு நாள் வானம் மூடியிருந்தால், விளக்கை அணைத்துவிட்டு நேரத்தோடு உறங்கப் போகிறான். தேவை எது, பழக்கத்தினால் தேவைபோற் தோன்றுவது எது என்ற வேறுபாட்டை அவனது தண்ணீர்த் தொட்டியே அவனுக்குக் கற்பிக்கிறது. மேலும் மேலும் வாங்கும்படி மனிதனை ஓயாது தூண்டும் சமுதாயமொன்றில், 'இது போதும்' என்று அறிதல் சிறிய அறிவன்று.

ஆனால் இங்கிருந்து அவர்களுட் சிலர் வேறொரு முடிவுக்குத் தாவிவிடுகின்றனர். 'நாம் எவரையும் சார்ந்திருக்கவில்லை' என்பதே அது. இம்முடிவைச் சற்று ஆராய்வோம். ஒளித்தகடும் பற்றரியும் எங்கோ ஒரு தொழிற்சாலையில் தொழிலாளர் கைபட்டு உருவானவை. வண்டி ஓடும் வீதி பொதுப் பணத்தில் அமைந்தது. மலசலகூடக் கழிவுத் தொட்டி நிறைந்ததும், அதனை வெறுமையாக்க ஊரை நோக்கித் திரும்பவே வேண்டும். எல்லாவற்றிலும் மேலாக, வண்டியை நிறுத்தும் நிலம் யாருடையது? அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களிலும் அலாஸ்காவிலும் ஏறத்தாழ 24.5 கோடி ஏக்கர் நிலத்தை மத்திய அரசின் நிலப் பரிபாலனப் பணியகம் நிருவகிக்கிறது. ஆதிக்குடிகளிடமிருந்து பறிக்கப்பட்டு, பின்னர் பொதுவுடைமையாய் எஞ்சிய நிலம் அது. அதன் பெரும்பகுதியில் எவரும் வாடகையின்றிப் பொதுவாக 14 நாட்கள் தங்கலாம். அதன்பின் இடம்மாற வேண்டும். அந்நிலம் தனியார் கைக்குப் போயிருந்தால், முள்வேலியின் முன்னே அந்தத் 'தன்னந்தனிச் சுதந்திரம்' முடிந்திருக்கும். தோரோ 1845ஆம் ஆண்டு வால்டன் குளக்கரையிற் கட்டிய குடிசையும் நண்பர் எமெர்சனின் காணியிலேதான் நின்றது. விலகுவதற்கும் பிறர் இடந்தர வேண்டியிருக்கிறது.

இனி மற்றொரு பக்கத்தைக் காண்போம். அரிசோனாவின் குவார்ட்சைட் என்ற சிற்றூரைச் சூழ்ந்த பாலைவெளியில், குளிர்காலந்தோறும் வண்டிவீடுகள் பெருந்தொகையாய்க் கூடுகின்றன. அவற்றுட் பலவற்றின் உரிமையாளர் வசந்தத்திலே தத்தம் ஊருக்குத் திரும்புவர். அதே வெளியில், அதேபோன்ற வண்டியில், திரும்ப ஊரில்லாதோரும் இருக்கின்றனர். 2008ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியை அடுத்து வீட்டையும் சேமிப்பையும் இழந்த முதியோர் பலர் வண்டிகளிற் குடியேறியதை ஜெசிக்கா புரூடர் 2017இல் வெளிவந்த 'நோமாட்லாண்ட்' என்ற நூலிற் பதிவுசெய்தார். அவர்கள் பருவத்துக்குப் பருவம் பீற்கிழங்கு அறுவடைக்கும் அமேசான் பண்டகசாலைகளுக்கும் கூலிகளாய்ச் சென்றனர். அருகருகே நிற்கும் இரு வண்டிகளை வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு வேறுபாடு தெரியாது. ஒன்றில் இருப்பவருக்கு அது ஓய்வு. மற்றதில் இருப்பவருக்கு அது வெளியேற்றம்.

வண்டியும் இல்லாதவனின் நிலை யாது? ஒரேகன் மாநிலத்திலுள்ள கிராண்ட்ஸ் பாஸ் நகரின் விதிகள், பொது இடத்திற் போர்வை விரித்துத் தங்குவதையும் 'முகாமிடல்' என்றே வகுத்தன. முதற் குற்றத்துக்குத் தண்டம் 295 டொலர். மீண்டும் மீண்டும் மீறினால் இறுதியிற் சிறை. வீடற்றோர் அனைவருக்கும் போதிய தங்குமிடம் அந்நகரில் இருக்கவில்லை. இருந்தும் 2024 ஜூன் 28ஆம் திகதி அமெரிக்க உயர்நீதிமன்றம், ஆறு நீதியரசருக்கு மூவர் என்ற கணக்கில், அவ்விதிகள் கொடிய தண்டனையாகா எனத் தீர்த்தது.

நகரப் பூங்கா வேறு, பாலைவெளி வேறு. பிள்ளைகள் விளையாடும் இடத்தைத் துப்புரவாக வைத்திருக்க நகரத்துக்கு உரிமையில்லையா என்று கேட்கலாம். உரிமையுண்டு. ஆனால், 'இங்கே உறங்காதே' என்று சொல்பவர், 'அவ்விடத்தில் உறங்கு' என்று ஓரிடத்தைக் காட்டவும் கடமைப்பட்டவர். முகாம் என்ற சொல் உல்லாசத்தை மட்டுமன்றி இடப்பெயர்வையும் குறிக்குமென்பது நம் நாட்டு வாசகருக்கு விளக்கவேண்டியதன்று. ஒரே செயல், வசதியுள்ளவன் செய்யும்போது எளிமை என்ற அறமாகவும், வறியவன் செய்யும்போது குற்றமாகவும் கொள்ளப்படுமாயின், அங்கு அளக்கப்படுவது செயலன்று, உடைமையே.

எனவே விலகிச் செல்லுதல் தன்னளவில் விடுதலையாகாது. திரும்பிவரும் உரிமையோடு கூடியபோதே அது விடுதலையின் ஒரு கூறாகிறது. அவ்வுரிமையைத் தருவது தனிமனிதனின் துணிவன்று, சமூகமே.

இதற்குச் சான்றும் உண்டு. 2025 ஜூனில், மேற்கு மாநிலங்களின் பொதுநிலத்தில் இருபது இலட்சம் ஏக்கருக்கு மேல் விற்கும் யோசனையொன்று அமெரிக்க செனற் சபையில் முன்வைக்கப்பட்டது. வேட்டையாடுவோர், மீன்பிடிப்போர், முகாமிடுவோர் எனப் பல திறத்தாரும் ஒன்றுசேர்ந்து எதிர்த்தனர். அம்மாதமே அது கைவிடப்பட்டது. எவரையும் சாராதோர் என்று தம்மை எண்ணியோரும் தம் தனிமையைக் காப்பதற்குப் பிறரோடு கூடி நிற்கவேண்டியதாயிற்று. விற்பனைக்குக் கூறப்பட்ட காரணம் வீடமைப்பு என்பது இங்கே கவனிக்கத்தக்கது. நிலத்தை விரும்புவோரையும் கூரை வேண்டுவோரையும் எதிரெதிரே நிறுத்தும் பழைய தந்திரம் அது.

பன்னிரண்டு கலன் நீரின் அருமையை அறிந்தவனே, ஒரு கலனுமில்லாதவனின் தாகத்தை முதலில் உணரவேண்டும். பொதுநிலத்துக்காக எழுந்த அக்குரல், பூங்காவின் மூலையிற் போர்வையோடு கிடப்பவனுக்காகவும் எழுமா? பாலைவெளியிற் கற்ற எளிமை அறமா, அலங்காரமா என்பதை அந்த வினாவுக்கான விடையே தீர்மானிக்கும்.