வட்டின் வாக்கை எதைக் கொண்டு நம்புவது?

மின்சாரம் போய் வந்தபின் சர்வர் எழுந்து, வட்டைச் சரிபார்க்கும் ‘எஃப்எஸ்சிகே’ கட்டளை ஓடி முடித்து, எல்லாம் சரி என்று சொன்னதும் பலருக்கு நிம்மதி வந்துவிடுகிறது. எனக்கு வருவதில்லை. ஓர் அறக்கட்டளை ஸ்கேன் செய்து வைத்திருக்கும் பழைய ஆவணங்களைக் காப்பது என் வேலை. ‘எஃப்எஸ்சிகே’ பார்ப்பதெல்லாம் கணக்கு எங்காவது உதைக்கிறதா என்பதைத்தான். ஒரே பிளாக்கை இரண்டு கோப்புகள் சொந்தம் கொண்டாடுகின்றனவா, எந்த அடைவிலும் பெயரில்லாமல் ஏதாவது கோப்பு கிடக்கிறதா என்று தேடும். அப்படிக் கிடப்பதை, அதன் உள் அடையாளமான ஐநோடு எண்ணையே பெயராக இட்டு, ‘லாஸ்ட்+ஃபவுண்ட்’ அடைவில் போட்டுவிடும். கோப்புக்குள் இருப்பது நாம் வைத்த பக்கம்தானா? அதற்குத் தெரியாது. எக்ஸ்ட்4 போன்ற கோப்பு முறைமைகள் கோப்பின் உள்ளடக்கத்துக்குச் செக்சம் (சரிபார்ப்பு எண்) வைப்பதே இல்லை. முரண் இல்லாதிருப்பது வேறு, உண்மையாயிருப்பது வேறு.

இந்தியத் தத்துவத்தில் இந்த வழக்கு மிகப் பழையது. அறிவு தன் மெய்ம்மையைத் தன்னோடு கொண்டே பிறக்கிறது, மறுக்கும் சான்று வரும்வரை அதை ஏற்கலாம் என்றார்கள் மீமாம்சகர்கள். நையாயிகர்கள் ஒப்பவில்லை, ஓர் அறிவு மெய்யானது என்பது அதற்கு வெளியே உள்ள ஒன்றால்தான் தெரியவரும் என்றார்கள். அன்றாட வாழ்வுக்கு மீமாம்சகர் சொல்வதே பொருந்தும். எதையும் சோதித்த பிறகே நம்புவேன் என்று இருந்தால் வீட்டைவிட்டு வெளியே கால் வைக்க முடியாது. ஆனால் வட்டு விஷயத்தில் நான் நையாயிகர் கட்சி.

சன் மைக்ரோசிஸ்டம்ஸில் ஜெஃப் பான்விக், மாத்யூ ஏரன்ஸ் முதலானோர் 2001இல் தொடங்கிய இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையும் அதே கட்சிதான் என்று எனக்குத் தோன்றும். அதில் ஒரு பிளாக்கின் செக்சம் அந்த பிளாக்கிலேயே இருக்காது. அதைச் சுட்டும் மேல் பிளாக்கில் இருக்கும். யாரும் தனக்குத் தானே சாட்சி சொல்ல முடியாது. சாட்சிக்குச் சாட்சி என்று ஏறிக்கொண்டே போனால் உச்சியில் யூபர்பிளாக். அதற்கு மேலே ஒன்றுமில்லை. அது மட்டும் தன் செக்சமைத் தானே சுமக்கிறது. வட்டின் முன்னும் பின்னுமாக 4 லேபிள்களில் அதற்குப் பிரதிகள் உண்டு. தர்க்க நூல்கள் அனவஸ்தை என்று அஞ்சிய முடிவிலாத் தொடரைப் பொறியாளர்கள் இங்கே நிறுத்தியிருக்கிறார்கள்.

ஒருமுறை இசட்எஃப்எஸ் ஸ்னாப்ஷாட்டை (ஒரு கணத்தில் தரவு இருந்த நிலையின் பதிவை) வேறு கணினிக்கு அனுப்பும்போது ‘இன்புட்/அவுட்புட் எரர்’ என்று பாதியில் நின்றது. ‘ஜீபூல் ஸ்டேட்டஸ்’ கட்டளை கெட்டுப்போன கோப்பின் பெயரைக் காட்டியது: ஒரு கணக்கு நோட்டின் பக்கம். கோப்பை அழித்தும் பயனில்லை, ஸ்னாப்ஷாட் அந்தக் கெட்ட பிளாக்கைப் பிடித்துக்கொண்டே இருக்கும். கெட்டதோடு சேர்த்து அனுப்பவும் ஓர் அமைப்பு உண்டு. அதை இயக்கினால், படிக்க முடியாத இடத்தை 0 போட்டு மூடி மறைக்காது. ‘பேட் பிளாக்’ என்று படிக்கும்படி அமைத்த ஒரு பதினறும எண்ணால் நிரப்பி அனுப்பும். தெரியாததைத் தெரியாது என்றே எழுதிக் கொடுக்கிற இந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

அடுத்து, பெறும் கணினி, தன்னிடமுள்ள பிரதி மாறியிருக்கிறது என்று சொல்லி, மாற்றங்களை மட்டும் அனுப்பும் தொடர் அனுப்பலை மறுத்தது. அங்கே யாரோ அடைவைத் திறந்து பார்த்ததில் ‘கடைசியாக அணுகிய நேரம்’ மாறியிருந்தது, அவ்வளவுதான். முந்தைய ஸ்னாப்ஷாட்டுக்குப் பின்வாங்கவைத்து, பெறும் கணினியிலுள்ள பிரதியை ‘ரீட்ஒன்லி’ ஆக்கினேன்.

இத்தனை சாட்சிகளுக்குப் பிறகும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. எழுதும்போதே தவறாக எழுதப்பட்டிருந்தால் செக்சமும் அந்தத் தவறுக்கே சாட்சி சொல்லும். நையாயிகர்கள் இதற்கும் வழி வைத்திருக்கிறார்கள்: கண்டது தண்ணீர்தானா என்பது குடித்துத் தாகம் தீர்ந்தால் தெரிந்துவிடும். பயன்படுத்திப் பார்ப்பதே முடிவான சோதனை. ஆகவே உங்களிடம் பேக்கப் இருந்தால், இந்த வாரமே அதிலிருந்து ஒரு கோப்பை வேறு கணினியில் மீட்டு, திறந்து, கடைசிப் பக்கம்வரை படித்துப் பாருங்கள். அதைச் செய்யாதவரை உங்களிடம் பேக்கப் இருப்பதாக யாரிடமும் சொல்லாதீர்கள்.