பீமைப் பார்த்துப் பயந்த பிள்ளை



நண்பர் ஒருவர் இரண்டு வயதுப் பேத்தியை மேடை நிகழ்ச்சி ஒன்றுக்கு அழைத்துப் போனார். தினமும் அவள் டி.வி.யில் பார்க்கும் சோட்டா பீம், பெரிய தலையும் ஆரஞ்சு வேட்டியுமாக மேடையில் வந்து ஆடினான். பேத்தி துள்ளிக் குதிப்பாள் என்று பார்த்தால், தாத்தாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வீறிட்டு அழுதாள். "டிக்கெட் காசு தண்டம்" என்று அவருக்கு ஒரே அலுப்பு.

எனக்கென்னவோ பேத்தி பக்கம்தான் நியாயம் தெரிந்தது. டி.வி. பெட்டிக்குள் சாண் உயரம் இருந்தவன், தாத்தாவைவிட உயரமாக எதிரே நிற்கிறான். வாய் சிரித்தபடியே இருக்கிறது, அசையவில்லை. கண் விழித்தபடியே இருக்கிறது, இமைக்கவில்லை. அம்மாவின் முகம் பார்த்தே நல்லது கெட்டது தெரிந்துகொள்ளும் வயது அது. அசையாத முகத்தில் என்னத்தைத் தெரிந்துகொள்ளும்?

1969-இல் ரீட்டா டிவ்ரீஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் ஓர் ஆய்வை வெளியிட்டார். மேனார்டு என்றொரு சாதுவான பூனை. பிள்ளைகள் அதைத் தடவிக் கொடுத்துப் பழகினார்கள். பிறகு ஆய்வாளர் அதன் தலையை மட்டும் மறைத்து, நாய் முகமூடியை மாட்டினார். வால் பிள்ளைகளின் கண்ணெதிரேதான் இருந்தது. ஆறு வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் அது பூனைதான் என்று கண்டுகொண்டார்கள். மூன்று வயதுப் பிள்ளைகள் பலருக்கோ அது நாயாகவே மாறிவிட்டது! மூன்று வயதுக்கே இப்படியென்றால், இரண்டு வயதை என்ன சொல்வது?

வேடம் போடுவதைக் கண்ணெதிரே பார்த்துப் பழகினால் கதை வேறு. குலசேகரன்பட்டினம் தசராவுக்கு விரதமிருப்பவர்கள் காளியாகவும் குரங்காகவும் வேடம் கட்டிக் காணிக்கை வாங்க வருவார்கள். பக்கத்து வீட்டு மாமா முகத்துக்குச் சாயம் பூசிக் காளியாவதைத் திண்ணையிலிருந்து பார்க்கும் பிள்ளைக்கு, வேடத்துக்குள் மாமா இருக்கிறார் என்பது மெல்ல மெல்லப் பிடிபடும். அரங்கத்தில் அதற்கு இடமில்லை. திரை விலகும், உருவம் நிற்கும்.

அதனால் வீட்டிலேயே தொடங்குங்கள். அட்டையில் முகமூடி செய்து, பிள்ளை பார்க்கப் பார்க்க மாட்டுங்கள், கழற்றுங்கள். அரங்கில் முன்வரிசையும் ஒலிபெருக்கிப் பக்கமும் வேண்டாம்; கதவோர இருக்கை போதும். போட்டோவுக்காகப் பிள்ளையை அந்த உருவத்தின் கையில் திணிக்காதீர்கள். அழுதால் வெளியே தூக்கி வாருங்கள். "இதுக்குப் போய் அழுவாங்களா?" என்று மட்டும் கேட்காதீர்கள்.

இதையெல்லாம் நண்பரிடம் சொன்னேன். "சரி, அவளுக்கு நாலைந்து வயசாகட்டும், மறுபடி கூட்டிப் போகிறேன்" என்றார். போகட்டும். அதற்குள் பீம் எங்கேயும் ஓடிவிட மாட்டான்.